ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் விரிவடையுமா? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களும், பிள்ளைகளையோ சகோதரங்களையோ ஐரோப்பாவில் வைத்திருக்கும் பெரியவர்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவாக்கம் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் 2025 ஆம் ஆண்டின் இறுதி வரையிலான நிலையை வைத்து எழுதப்பட்டவை.

ஒன்றியத்தில் இப்போது எத்தனை நாடுகள் உள்ளன? கடைசியாகச் சேர்ந்த நாடு எது?

27 நாடுகள். 1951 இல் பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் நிலக்கரிக்கும் உருக்குக்குமாகத் தொடங்கிய சமூகமே படிப்படியாக வளர்ந்து இன்றைய ஒன்றியமாயிற்று. அதன் மிகப் பெரிய விரிவாக்கம் 2004 மே மாதம் 1 ஆம் திகதி நடந்தது. அன்று போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு, சைப்பிரஸ் உட்பட பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்தன. 2007 இல் பல்கேரியாவும் ருமேனியாவும், 2013 ஜூலையில் குரோஷியாவும் வந்தன. அதற்குப் பின்னர் எவரும் சேரவில்லை; மாறாக 2020 ஜனவரி இறுதியில் பிரித்தானியா வெளியேறியது.

ஒரு நாடு எவ்வாறு உறுப்புரிமை பெறுகிறது?

ஒன்றிய ஒப்பந்தத்தின் 49 ஆம் உறுப்புரையின்படி, ஒன்றியத்தின் விழுமியங்களை மதிக்கும் எந்த ஐரோப்பிய நாடும் விண்ணப்பிக்கலாம். 1993 இல் கோபன்ஹேகனில் கூடிய தலைவர்கள் மூன்று நிபந்தனைகளை வகுத்தனர். சனநாயகம், சட்டவாட்சி, மனித உரிமைகள், சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு ஆகியவற்றை உறுதிசெய்யும் நிலையான நிறுவனங்கள் இருக்க வேண்டும். போட்டிக்கு ஈடுகொடுக்கும் சந்தைப் பொருளாதாரம் இருக்க வேண்டும். ஒன்றியத்தின் சட்டங்கள் அனைத்தையும் ஏற்று நடைமுறைப்படுத்தும் ஆற்றல் இருக்க வேண்டும். அந்தச் சட்டத் தொகுதி 35 அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, ஒவ்வொன்றாக மூடப்படுகிறது. நீதித்துறையும் அடிப்படை உரிமைகளும் சார்ந்த அத்தியாயங்கள் முதலில் திறக்கப்பட்டு இறுதியில்தான் மூடப்பட வேண்டும் என்பது 2020 இல் வந்த புதிய முறை.

இதைப் பேச்சுவார்த்தை என்று அழைப்பது வழக்கமாயினும், நடைமுறையில் பேரம் பேசுவதற்கு அதிக இடமில்லை. விண்ணப்பிக்கும் நாடு ஏற்கனவே எழுதி முடிக்கப்பட்ட விதிகளை ஏற்கிறது. எப்போது, எவ்வளவு கால அவகாசத்துடன் ஏற்பது என்பதே பெரும்பாலும் பேசப்படுகிறது. எல்லாம் முடிந்த பின்னரும் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் சம்மதமும், உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றினதும் அங்கீகாரமும் வேண்டும். பிரான்சின் அரசியலமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, பாராளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பெரும்பான்மை கிடைத்தாலன்றி, புதிய நாட்டின் சேர்க்கையைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்கிறது.

இப்போது வரிசையில் நிற்பவர்கள் யார்? யாருக்கு முதலில் வாய்ப்பு?

மொண்டெனேகுரோ, சேர்பியா, அல்பேனியா, வட மசிடோனியா, பொஸ்னியா ஹெர்சகோவினா, உக்ரைன், மோல்டோவா, ஜோர்ஜியா, துருக்கி ஆகிய ஒன்பது நாடுகளும் வேட்பு நாடுகளாக ஏற்கப்பட்டவை. கொசோவோ 2022 டிசம்பரில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறது.

முதலில் நுழையக்கூடியது மொண்டெனேகுரோ என்பதே பரவலான கணிப்பு. 2012 இல் பேச்சுவார்த்தையைத் தொடங்கி, 2020 இற்குள் திறக்க வேண்டிய எல்லா அத்தியாயங்களையும் திறந்துவிட்ட அந்நாடு, 2028 இல் 28 ஆவது உறுப்பு நாடாவதை இலக்காகக் கொண்டுள்ளது. அதன் சனத்தொகை நமது வட மாகாணத்தின் சனத்தொகையை விடக் குறைவு. நாணயமோ ஏற்கனவே யூரோ. இத்தகைய சிறிய நாட்டைச் சேர்ப்பதால் எவருடைய மானியமும் குறையாது, எவருடைய வாக்குப் பலமும் கரையாது. அல்பேனியா 2030 ஐக் குறிவைத்து வேகமாக நகர்கிறது. ஜோர்ஜியா வேட்பு நிலை பெற்ற ஓராண்டுக்குள், 2024 நவம்பரில், பேச்சுவார்த்தை தொடங்குவதை 2028 வரை தன் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதில்லை என்று அதன் அரசாங்கமே அறிவித்தது. தலைநகர் திபிலிசியில் அதை எதிர்த்து மக்கள் பல மாதங்கள் வீதியில் நின்றனர்.

உக்ரைன் போர் நடக்கும்போதே சேர முடியுமா?

சட்டத்தில் அதற்குத் தடையில்லை. அரசியலில் மிகக் கடினம். ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய ஐந்தாம் நாளான 2022 பெப்ரவரி 28 அன்று உக்ரைன் விண்ணப்பித்தது. நான்கே மாதங்களில் வேட்பு நிலை வழங்கப்பட்டது. 2024 ஜூனில் பேச்சுவார்த்தை முறைப்படி தொடங்கியது. அத்தோடு வேகம் நின்றது. ஹங்கேரியில் விக்டர் ஓர்பானின் அரசு முதல் தொகுதி அத்தியாயங்களைத் திறப்பதற்கே 2025 முழுவதும் சம்மதிக்கவில்லை. 2023 டிசம்பரில் பேச்சுவார்த்தையைத் தொடங்கும் தீர்மானம் எடுக்கப்பட்டபோது ஓர்பான் மண்டபத்தை விட்டு வெளியே செல்ல, மீதி 26 தலைவர்களும் முடிவெடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய தந்திரம் ஒரு தடவை பலிக்கும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒருவரை வெளியே அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

அதைவிடப் பெரிய தடை நிலம். உக்ரைனின் விவசாய நிலம் ஏறத்தாழ 4 கோடி ஹெக்டயர், அதாவது இலங்கையின் முழுப் பரப்பைப் போல ஆறு மடங்கு. ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொது விவசாயக் கொள்கைக்குச் செல்கிறது. அதில் பெரும்பகுதி, பெரும்போகத்துக்கான உர மானியம் நமது கமக்காரரின் வங்கிக் கணக்குக்குக் காணியின் அளவைப் பார்த்து வருவதைப் போல, ஹெக்டயர் கணக்கில் நேரடியாக வழங்கப்படுகிறது. இன்றைய விதிகளை மாற்றாமல் உக்ரைனைச் சேர்த்தால் போலந்து, பிரான்ஸ், ருமேனியா விவசாயிகளின் பங்கு சுருங்கும். உறுப்புரிமை இல்லாதபோதே, 2023 இல் உக்ரைன் தானியம் குவிந்து விலை வீழ்ந்ததால் போலந்தும் ஹங்கேரியும் சுலோவாக்கியாவும் அதன் இறக்குமதியைத் தாமாகத் தடை செய்தன. போலந்து விவசாயிகள் எல்லை வீதிகளை உழவு இயந்திரங்களால் மறித்தனர். இரணைமடுவின் கீழ் அறுவடை நடக்கும் வேளையில் இறக்குமதி அரிசி வந்து இறங்கினால் நெல் விலைக்கு என்ன நேரும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. உக்ரைன் மீது போலந்து மக்கள் காட்டிய அன்பு உண்மையானது. தானிய விலையும் உண்மையானது.

மோல்டோவாவின் வாக்கெடுப்பைப் புலம்பெயர்ந்தோர் தீர்மானித்தார்கள் என்பது சரியா?

பெருமளவுக்குச் சரி. ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் எழுதுவது பற்றி 2024 ஒக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்ற தரப்பு 50.35 சதவீதத்துடன் மயிரிழையில் வென்றது. நாட்டுக்குள் எண்ணப்பட்ட வாக்குகளில் ‘இல்லை’ என்பதே சற்று முன்னின்றது. வெளிநாடுகளில் வாழும் மோல்டோவா மக்களின் வாக்குகள் வந்து சேர்ந்த பின்னரே முடிவு மாறியது. வெளியே வாழ்பவர் ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாமா என்ற விவாதம் அங்கும் எழுந்தது. ஆயினும் அந்த நாட்டின் பல குடும்பங்கள் உண்பதும் கட்டுவதும் அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் என்பதால், அந்தக் கேள்வியை உரத்துக் கேட்டவர்கள் குறைவு.

நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றியும் ஏன் சில நாடுகள் காத்திருக்கின்றன?

என் பார்வையில் விரிவாக்கத்தின் மையச் சிக்கல் இதுதான். வட மசிடோனியா 2005 இலேயே வேட்பு நிலை பெற்றது. ‘மசிடோனியா’ என்ற பெயர் தன் மாகாணத்துக்கு உரியது என்று கிரேக்கம் ஆண்டுக்கணக்கில் தடுத்தது. 2018 இல் கிரேக்கத்தோடு பிரெஸ்பா உடன்படிக்கை கையெழுத்தாகி, 2019 பெப்ரவரியில் அந்நாடு தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரான்ஸ், முதலில் சேர்க்கை முறையைத் திருத்த வேண்டும் என்று தடுத்தது. அது தீர்ந்ததும் 2020 இல் பல்கேரியா மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டித் தடுத்தது. இன்று, பல்கேரியச் சிறுபான்மையினரை அரசியலமைப்பில் குறிப்பிடும் திருத்தம் நிறைவேறாததால் மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது. இந்தத் தடைகளில் ஒன்றுகூட கோபன்ஹேகன் நிபந்தனைகளில் இல்லை.

ஏக சம்மதம் என்ற விதி, உள்ளே இருக்கும் நாடு வெளியே நிற்கும் அயல் நாட்டோடு உள்ள பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆயுதமாகிவிட்டது. கடல் எல்லை விடயத்தில் சுலோவேனியா குரோஷியாவை மறித்ததும் இவ்வகையே. இதன் விளைவு அந்தந்த நாட்டோடு முடிவதில்லை. பெயரையே மாற்றியும் கதவு திறக்கவில்லை என்பதைப் பார்த்த பின்னர், சேர்பியாவிலோ பொஸ்னியாவிலோ ஓர் அரசியல்வாதி தன் மக்களிடம் எந்த முகத்தோடு விட்டுக்கொடுப்பைக் கேட்பார்? நிபந்தனை கடுமையாக இருக்கலாம். அதை நிறைவேற்றினால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அதற்கு வலு இல்லை.

போர்க்குற்றப் பொறுப்புக்கூறலுக்கு உறுப்புரிமை உதவியதா?

நம்பிக்கை உயிரோடிருந்த காலத்தில் உதவியது. குரோஷியாவின் பேச்சுவார்த்தை 2005 மார்ச்சில் தொடங்கவிருந்தது. போர்க்குற்ற வழக்கில் தேடப்பட்ட ஜெனரல் அன்ரே கொத்தோவினாவைப் பிடிப்பதில் போதிய ஒத்துழைப்பு இல்லையென்று அது ஒத்திவைக்கப்பட்டு, ஒக்டோபரில்தான் தொடங்கியது. டிசம்பரில் அவர் ஸ்பெயினின் கனரித் தீவுகளில் கைதானார். பொஸ்னியப் போரில் சேர்பியர்களின் அரசியல் தலைவராக இருந்த ரடோவான் கராட்ஜிச் 2008 இலும், படைத் தளபதியாக இருந்த ரட்கோ மிலாடிச் 2011 இலும் சேர்பியாவில் கைதாகி, ஹேக்கிலிருந்த போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டனர். 2012 மார்ச்சில் சேர்பியாவுக்கு வேட்பு நிலை கிடைத்தது. இவ்வளவு காலம் ஒளிந்திருந்தவர்கள் அகப்பட்ட நேரத்தைப் பார்த்தால், தேடியும் கிடைக்கவில்லை என்று முன்னர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று எண்ணத் தோன்றும்.

இரண்டு விடயங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொத்தோவினாவுக்கு 2011 இல் தண்டனை வழங்கப்பட்டாலும், 2012 நவம்பரில் மேன்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். மேலும், இந்த அழுத்தம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கொசோவோவின் போராளித் தலைவராக இருந்து ஜனாதிபதியான ஹாஷிம் தாச்சி, ஹேக்கில் அமைக்கப்பட்ட சிறப்பு மன்றத்தின் குற்றச்சாட்டை எதிர்கொள்ள 2020 நவம்பரில் பதவி விலகினார்.

இதே வழி இலங்கைக்கும் பொருந்துமா என்பது வன்னியில் தவறாமல் வரும் அடுத்த கேள்வி. பொருந்தாது. சேர்பியாவின் முன்னே வைக்கப்பட்ட பரிசு உறுப்புரிமை. இலங்கையின் முன்னே இருப்பது வரிச் சலுகை மட்டுமே. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் காணலாம்.

கொசோவோ உறுப்பு நாடாகுமா?

விரைவில் ஆகாது. 2008 பெப்ரவரி 17 அன்று சேர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரப் பிரகடனம் செய்த கொசோவோவை ஸ்பெயின், கிரேக்கம், சைப்பிரஸ், ருமேனியா, சுலோவாக்கியா ஆகிய ஐந்து உறுப்பு நாடுகள் இன்றும் அங்கீகரிக்கவில்லை. அந்தப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியபோது இங்கும் அது ஆவலோடு பேசப்பட்டது. ஆனால் அந்தக் கருத்து பிரகடனம் என்ற செயலைப் பற்றியது. எவருக்குப் பிரிந்து செல்லும் உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை, பிற நாடுகள் அங்கீகரிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஸ்பெயினுக்குப் பிரிவினைக் குரல் எழும் தன் கற்றலோனியாப் பிரதேசம் பற்றிய அச்சம், சைப்பிரஸுக்குத் தன் வட பகுதி பற்றிய அச்சம். அந்த அச்சங்கள் நீங்காமல் விண்ணப்பம் நகராது. சேர்பியாவும், கொசோவோவுடனான உறவைச் சீராக்காமல் தன் 35 ஆவது அத்தியாயத்தை மூட முடியாது.

பிளவுண்ட சைப்பிரஸ் எப்படிச் சேர்ந்தது?

2004 ஏப்ரல் 24 அன்று, ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் முன்வைத்த சமஷ்டித் திட்டம் தீவின் இரு சமூகங்களிடமும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. துருக்கியச் சைப்பிரியர்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஏற்றனர்; கிரேக்கச் சைப்பிரியர்களில் ஏறத்தாழ 76 சதவீதத்தினர் நிராகரித்தனர். ஒரு வாரத்தில் தீவு பிளவோடு ஒன்றியத்தில் சேர்ந்தது. சட்டப்படி முழுத் தீவும் ஒன்றியத்தின் நிலம். வடக்கில் மட்டும் ஒன்றியத்தின் சட்டங்கள் இடைநிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. சமரசத்தை நிராகரித்த தரப்பு உள்ளே சென்றது, ஏற்ற தரப்பு வெளியே நின்றது.

தீர்வு காணாவிட்டாலும் சேரலாம் என்று கிரேக்கத் தரப்புக்கு முன்கூட்டியே உறுதியளித்துவிட்டு, அதன் பின்னர் தீர்வுக்கு வாக்களிக்குமாறு கேட்டால் வேறென்ன நடக்கும்? 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் ஓமந்தையிலும் முகமாலையிலும் பைகளைத் திறந்து காட்டி வரிசையில் நின்று கடந்தவர்களுக்கு, 2003 ஏப்ரலில் தலைநகர் நிக்கோசியாவில் தீவைப் பிரிக்கும் பசுமைக் கோடு திறந்தபோது பழைய வீடுகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் கடந்த காட்சி அந்நியமாக இராது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

துருக்கி?

1987 இல் விண்ணப்பித்தது, 2005 இல் பேச்சுவார்த்தை தொடங்கியது, 2018 முதல் அது நடைமுறையில் முடங்கியிருக்கிறது. சைப்பிரஸ் விவகாரமும் உள்நாட்டில் சனநாயகம் பின்வாங்கியதும் காரணங்கள். எவரும் முறைப்படி முடித்துவைக்க விரும்பவில்லை; எவரும் நம்பவும் இல்லை.

நமது சமாதானப் பேச்சுக்கு அனுசரணை வழங்கிய நோர்வே ஒன்றிய உறுப்பு நாடல்லவா?

அல்ல. நோர்வே மக்கள் 1972 இலும் 1994 இலும் வாக்கெடுப்பில் மறுத்துவிட்டனர். இரண்டாம் முறை ‘இல்லை’ என்றோர் 52.2 சதவீதம். மீன்பிடி உரிமையைப் பகிர விருப்பமின்மையும், சிறு விவசாயிகளின் அச்சமும், எண்ணெய் வருமானம் தந்த துணிவும் சேர்ந்த முடிவு அது. ஆயினும் ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேச உடன்படிக்கையின் வழியாக ஒன்றியத்தின் சந்தை விதிகளில் பெரும்பகுதியை நோர்வே பின்பற்றுகிறது. அந்த விதிகளை ஆக்கும் இடத்தில் அதற்கு வாக்கில்லை.

உறுப்புரிமை ஒரு நாட்டின் கைகளை எவ்வாறு கட்டும் என்பதை வன்னி நேரில் கண்டது. 2006 மே மாதத்தில் ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோது, போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் இருந்த ஒன்றிய உறுப்பு நாட்டவர்கள் விலக வேண்டுமென்று புலிகள் கோரினர். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர்கள் வெளியேற, எஞ்சியவர்கள் ஒன்றியத்தில் இல்லாத நோர்வே, ஐஸ்லாந்து நாட்டவர்களே. தனித்துப் பார்த்தால் சுவீடனுக்கும் நோர்வேக்கும் நமது விடயத்தில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. ஒன்று ஒன்றியத்தின் பொது முடிவுக்குக் கட்டுப்பட்டது, மற்றது கட்டுப்படவில்லை.

ஒன்றியம் முதலில் தன்னைத் திருத்த வேண்டும் என்கிறார்களே?

நியாயமான வாதம். வெளியுறவிலும் வரி விடயத்திலும் 27 நாடுகளும் உடன்பட வேண்டியிருப்பதால் ஒரு நாடு எல்லாரையும் நிறுத்திவைக்கிறது. 35 நாடுகளானால் நிலைமை மோசமாகும். தகைமைப் பெரும்பான்மையால், அதாவது 55 சதவீத நாடுகளும் 65 சதவீத சனத்தொகையும் சேர்ந்து, முடிவெடுக்கும் முறையை இவற்றுக்கும் விரிவாக்கலாம் என்ற யோசனை நெடுநாளாக உண்டு. ஆனால் தனியொரு நாடு தடுக்கும் அதிகாரமான வீட்டோவைக் கைவிடும் முடிவுக்கும் ஏக சம்மதம் வேண்டும். சிறிய நாடுகளுக்கு அது ஒன்றே கேடயம் என்பதால் அவை எளிதில் விடமாட்டா. ஆதலால், புதிதாகச் சேருவோருக்குத் தொடக்கத்தில் வீட்டோ இல்லாத உறுப்புரிமை, அல்லது சந்தையில் மட்டும் படிப்படியாக இணைத்தல் என்ற யோசனைகள் எழுகின்றன. இரண்டாந்தர உறுப்புரிமை ஒருமுறை வழங்கப்பட்டால் அது தற்காலிகமாக இருக்கும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சேர்பியாவுக்கோ அல்பேனியாவுக்கோ வேலை விசாவில் போனால், அந்த நாடு சேர்ந்ததும் பிரான்சுக்குப் போகலாம் என்று முகவர் சொல்கிறார். உண்மையா?

உண்மையல்ல. இதை நம்பிக் காணி உறுதியை அடகு வைப்பவர்களுக்காக இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றியத்தில் சேர்வது ஒன்று, எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய ஷெங்கன் வலயத்தில் சேர்வது வேறொன்று. குரோஷியா 2013 இல் ஒன்றியத்தில் சேர்ந்தும் ஷெங்கனுக்குள் வந்தது 2023 இல். ருமேனியாவும் பல்கேரியாவும் 2007 இல் சேர்ந்தவை. தரை எல்லைச் சோதனை நீங்கியது 2025 ஜனவரியில். சைப்பிரஸ் இன்னும் வெளியே உள்ளது. அடுத்து, சுதந்திரமாகச் சென்று வேலை செய்யும் உரிமை அந்த நாட்டின் குடிமக்களுக்கே உரியது, அங்கே வேலை அனுமதியில் இருக்கும் இலங்கையருக்கு அல்ல. 2004 இல் சேர்ந்த போலந்துக்காரரே ஜேர்மனியில் தடையின்றி வேலை செய்ய 2011 வரை காத்திருந்தனர். ருமேனியாவில் பெற்ற வேலை அனுமதியோடு பாரிசில் வேலை செய்தால் அது சட்டவிரோதமே. பணம் கொடுப்பதற்கு முன்னர், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புதிய நாடுகள் சேர்ந்தால் இலங்கைக்கு ஒன்றியம் வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையும் இங்குள்ள ஆடைத் தொழிற்சாலை வேலைகளும் பாதிக்கப்படுமா?

நேரடியாகப் பாதிக்கப்பட வாய்ப்புக் குறைவு. ஒரு நாடு சேரும் நாளிலேயே ஒன்றியத்தின் பொது வெளிச் சுங்க வரியும் அதிலுள்ள சலுகைகளும் அந்த நாட்டுக்கும் பொருந்தும். ஆகவே இலங்கைப் பொருட்களுக்குச் சந்தை சற்று விரியும். மலிவான போட்டி வருமே என்று கேட்கலாம். சேர்பியா, அல்பேனியா போன்ற பால்கன் நாடுகளும் உக்ரைனும் ஏற்கனவே உடன்படிக்கைகளின் மூலம் பெரும்பாலும் வரியின்றி ஒன்றியத்துக்கு விற்பனை செய்கின்றன. உறுப்புரிமையால் அந்த நிலை அதிகம் மாறாது. விரிவாக்கத்தை விடப் பிரித்தானியாவின் வெளியேற்றமே இலங்கை ஆடைத்துறைக்குப் பெரிய மாற்றம், ஏனெனில் முக்கியமான கொள்வனவாளர் ஒருவர் ஒன்றியத்தின் திட்டத்திலிருந்து நீங்கி, 2023 முதல் தனக்கென வேறொரு சலுகைத் திட்டத்தை நடத்துகிறார்.

சலுகையின் உண்மையான ஆபத்து கொழும்பில் இருக்கிறது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி ஆகியவை தொடர்பான 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்துவது அதன் நிபந்தனை. 2010 ஓகஸ்டில் இலங்கை அதை இழந்தது. 2017 மே மாதத்தில் மீளப் பெற்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவதாக அப்போது கொடுத்த வாக்குறுதி 2025 முடியும்வரை நிறைவேறவில்லை, சலுகை தொடர்கிறது. சலுகையைப் பறித்தால் முதலில் வேலை இழப்பது கிளிநொச்சியில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண், சட்டத்தை வைத்திருப்பவர் அல்லர் என்பதை ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸும் அறியும், கொழும்பும் அறியும். அதனால்தான் கண்காணிப்புக் குழுக்கள் வந்து போகின்றன, அறிக்கைகள் எழுதப்படுகின்றன, கெடு மட்டும் குறிக்கப்படுவதில்லை.